சிரிக்காமல் ஒரு படம்

ஆரணியில் கைக்குழந்தை உள்ள வீடுகளில் சார்லியைத் தெரியாதவர்கள் குறைவு. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் விளக்குப் பெட்டி, முதுகில் கேமராப் பை, பின் இருக்கையில் நீளவாக்கில் கட்டிய ஸ்டாண்டுகள், அவற்றோடு ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை. காற்றடிக்கிற நாளில் அந்த அட்டை வண்டியையே சாலையோரத்துக்குத் தள்ளும். அப்படியே சேத்துப்பட்டு, வந்தவாசி, படவேடு வரைக்கும் போய் வருவார்.

குழந்தையை ஸ்டுடியோவுக்குத் தூக்கிப்போனால் வழியிலேயே தூங்கிவிடும். முழித்தால் புது இடம் என்று அழும். அதனால் ஸ்டுடியோவையே வீட்டுக்குக் கொண்டுபோகிற வழக்கத்தைச் சார்லிதான் எங்கள் ஊரில் ஆரம்பித்து வைத்தார். தறி போட்ட வீடுகளில் விளக்கு வைக்க இடம் இருக்காது. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்துவார். அண்டா, குண்டான்களை வீட்டாரோடு சேர்ந்து தூக்கி வாசலில் வைப்பார். ஒரு பக்கம் வெள்ளைத் துணிக்கூடு மாட்டிய சாஃப்ட் பாக்ஸ் விளக்கு, எதிர்ப்பக்கம் அந்த வெளிச்சத்தைத் திருப்பித் தர தெர்மோகோல் அட்டை, பின்னால் திரைக்கு அந்த வீட்டிலேயே நெய்த ஒரு புடவை. கொஞ்ச நேரத்தில் இருட்டுக் கூடம் பளிச்சென்று ஆகிவிடும்.

ஆனால் அவருக்குப் பேர் வந்தது விளக்கால் இல்லை. எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சிக் குழந்தையையும் அவர் சிரிக்க வைத்துவிடுவார். கேமரா மூடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒரு பெரிய தும்மல் போடுவார். மூடி கீழே விழும். விழுந்ததைத் தெரியாத மாதிரி தலையைத் தடவித் தேடுவார். என் பெரியவள் ஒரு வயதில் யாரிடமும் போகமாட்டாள். அவர் மூன்றாவது முறை தும்மியபோது வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

சார்லிக்கு இப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். சேத்துப்பட்டுப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம். பத்தாவது முடித்ததும் ஆரணி பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் படம் கழுவுகிற வேலைக்கு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். சபையில் பழகி ஜாக்குலின் டீச்சரைக் கட்டிக்கொண்டார். டீச்சர் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவர். எங்கள் தெருவில்தான் வீடு. இரண்டு பேருக்கும் குழந்தை இல்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தார்கள், மருந்து சாப்பிட்டார்கள், உபவாச ஜெபம் இருந்தார்கள். ஒரு கட்டத்தில் டீச்சர், "போதுங்க, இனிமே ஊசி வேணாம்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் எடுக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஹெப்சி அந்த வீட்டுக்கு வந்தாள்.

டீச்சரின் தங்கை ரீனா நர்ஸ். அவள் கணவன் பிரின்ஸ் துபாயில் இருந்தான். ஹெப்சி பிறந்து ஏழு மாதம் ஆனபோது ரீனாவுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. அதை விட்டால் திரும்பக் கிடைக்காது. கைக்குழந்தையைக் கூட்டிப்போக அங்கே உடனே அனுமதி இல்லை. "ஒரு வருஷம்க்கா. மிஞ்சிப்போனா ஒன்றரை வருஷம்" என்று சொல்லி, பால் கட்டிய மார்போடு விமானம் ஏறினாள் ரீனா. ஒன்றரை வருஷம் மூன்று வருஷம் ஆனது. இடையில் பிரின்ஸும் துபாயை விட்டு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான்.

டீச்சர் குழந்தைக்கு முதலில் சொல்லிக் கொடுத்த வார்த்தை 'பெரிம்மா'. தன்னை அம்மா என்று கூப்பிட ஒரு நாளும் விடவில்லை. யாராவது வாய்தவறி, "அம்மாகிட்ட போ" என்று குழந்தையை அவர் பக்கம் தள்ளினால், "பெரிம்மாகிட்ட போ" என்று திருத்துவார். தினமும் சாயங்காலம் போனில் ரீனாவைக் காட்டி, "அம்மா பாரு, அம்மாவுக்கு முத்தம் குடு" என்பார். ஹெப்சி போன் கண்ணாடியை நக்கிவிட்டு ஓடிவிடுவாள்.

மாதம் தவறாமல் சார்லி கூடத்தில் விளக்கைப் போட்டுக் குழந்தையைப் படம் எடுத்து ரீனாவுக்கு அனுப்பினார். போனில் எடுப்பது அவருக்குப் பிடிக்காது. பெத்தவ பார்க்கிற படம் சும்மா இருக்கக் கூடாது என்பார். தவழ்ந்தது, நின்றது, பல் முளைத்தது, மொட்டை போட்டது எல்லாம் விளக்கு வெளிச்சத்தில்தான். ஹெப்சி சாஃப்ட் பாக்ஸைக் குடை என்பாள். ஸ்டாண்டை நிறுத்தினாலே போதும், மர ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பெரிப்பா, தும்மு" என்று ஏறி உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து வீட்டு நெசவாளி குப்புராஜ் அந்த நேரத்துக்குத் தறியை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பார். சார்லி தும்முவதற்கு முன்பே குழந்தை சிரித்துவிடும். எல்லாப் படத்திலும் சிரிப்புதான். ரீனா அவற்றை அங்கே பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தாள்.

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த கையோடு ரீனாவின் போன் வந்தது. இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"அக்கா, ஹெப்சிக்கு இங்க வர பெர்மிஷன் வந்துடுச்சுக்கா! இப்பத்தான் மெயில் பாத்தோம்."

டீச்சர் உடனே, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். அந்த வார்த்தை எவ்வளவு வேகமாக வந்தது என்று சார்லி பின்னால் என்னிடம் சொல்லியிருக்கிறார். குழந்தைகள் விழுந்தால் பெரியவர்கள், 'ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல' என்பார்களே, அந்த வேகம்.

"பாஸ்போர்ட்தான் மாமா ஃபர்ஸ்ட் எடுக்கணும்" என்றாள் ரீனா. "நாலு வயசு ஆகாததால போட்டோ நாமதான் கொண்டுபோகணுமாம். நீங்களே எடுத்துடுங்க. வெள்ளை பேக்ரவுண்டு. நேரா பாக்கணும். ரெண்டு காதும் தெரியணும். வாய் மூடியிருக்கணும். சிரிக்கக் கூடாது மாமா, அத மட்டும் பாத்துக்குங்க."

"சரிம்மா" என்றார் சார்லி.

அந்த வாரமே எடுக்க உட்கார்ந்தார். வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டுச் சுவரில் இழுத்துக் கட்டினார். நிழல் விழாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரே அளவில் விளக்கு வைத்தார். டீச்சர் குழந்தைக்குத் தலையை வழித்துச் சீவி, காது தெரிய முடியை ஒதுக்கி, கிளிப் மாட்டினார். ஹெப்சி வழக்கம்போல ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். விளக்கைப் பார்த்ததுமே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"கண்ணு, இன்னைக்கு சிரிக்கக் கூடாது. சும்மா பாக்கணும். சரியா?"

"சரி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சார்லி தும்மவில்லை. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார். அது அவளுக்கு இன்னும் வேடிக்கையாகிவிட்டது. பெரிப்பா புதிதாக ஏதோ விளையாட்டு ஆரம்பிக்கிறார் என்று நினைத்து, உடம்பை முறுக்கிக்கொண்டு சிரித்தாள். கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். எட்டி எட்டிப் பார்த்தாள். வாயை மூடச் சொன்னால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுக்கச் சொன்னால் உள்ளே அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது. விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. வந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் பல் தெரிந்தது. பல் தெரியாதவற்றில் கன்னம் உப்பியிருந்தது.

டீச்சர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, படத்தில் விழாதபடி குழந்தையின் இடுப்பை ஒரு கையால் பிடித்திருந்தார். கையை எடுக்காமலே சொன்னார்.

"வரலன்னு சொல்லிடுங்க."

சார்லி கேமராவை இறக்கினார். "யாருக்கு?"

"ரீனாவுக்குத்தான். குழந்தை உக்கார மாட்டேங்குது, போட்டோ சரியா வரலன்னு சொல்லுங்க. பொய் இல்லியே. வரலதான?"

சார்லி விளக்கை அணைத்தார். ஹெப்சி, "இன்னொரு வாட்டி பெரிப்பா" என்று ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் ரீனாவிடம் வரவில்லை என்றே சொன்னார்கள். அடுத்த வாரம் குழந்தைக்குச் சளி என்றார்கள். அதற்கடுத்த வாரம் சார்லிக்கு வந்தவாசியில் கல்யாண வேலை என்றார்கள். கல்யாண வேலையை அவர் விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ரீனாவுக்கும் அது தெரியும். அவள் அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் பார்த்துச் சார்லிக்குப் போன் செய்தாள்.

"மாமா, ஊர்ல இருக்கிற கொழந்தைங்கள எல்லாம் எடுக்கறீங்க. எம் பொண்ணு ஒருத்திய எடுக்க முடியலியா?"

சார்லி தெருவோரம் வண்டியை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"சிரிச்சிகினே இருக்குதும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"எனக்குப் புரியுது மாமா. புரியாம இல்ல. அக்கா செஞ்சத நான் எந்தக் காலத்துலயும் திருப்பிக் குடுக்க முடியாது. ஆனா நான் இங்க வேலைக்குப் போய் வயசானவங்களக் குளிப்பாட்டறேன், சோறு ஊட்டறேன். எம் புள்ளைக்கு ஒரு நாள் ஊட்டல. அவ போன்ல என்னப் பாத்து ஓடறா. நாலு வயசு தாண்டி, அஞ்சு தாண்டி வந்தா என்ன யாருன்னு நெனப்பா? நீங்களே சொல்லுங்க மாமா."

அவள் பக்கம் நின்று பார்த்தால் அவள் சொல்வது சரி. வீட்டுக்குப் போய் டீச்சர் முகத்தைப் பார்த்தால் அதுவும் சரி. அன்று ஒரு வீட்டில் படம் எடுக்க ஒத்துக்கொண்டிருந்தார். அங்கே போகாமலே திரும்பினார்.

சனிக்கிழமை டீச்சரின் அப்பா பவுல்துரை சேத்துப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தார். ரிட்டயர்டு தபால்காரர். அதிகம் பேசமாட்டார். குழந்தைக்கு வாங்கி வந்த பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ள, ரீனா அழுதுகினு போன் பண்ணா. பெத்தவங்க கையெழுத்து போட்ட பேப்பர் எல்லாம் அங்கருந்து வந்துடுச்சி. போட்டோ ஒண்ணுதான் பாக்கி. உங்களால முடியலன்னா சொல்லுங்க. நான் புள்ளைய இட்டுனு போயி பஸ் ஸ்டாண்டாண்ட இளவரசன் ஸ்டுடியோவுல எடுத்துனு வந்துடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

"புது எடத்துல அழும் மாமா."

"அழட்டும். அழுது முடிச்சா மொகம் தானா சரியாயிடும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் சார்லிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தான் எடுக்காமல் இருந்தால் எதுவும் நின்றுவிடப் போவதில்லை. ஊரில் யார் கையில் கேமரா இருந்தாலும் போதும். அழவைத்து, கண்ணைத் துடைத்து, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு எடுத்துவிடுவார்கள். குழந்தையை அப்படி இன்னொருவன் முன்னால் உட்கார வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"வேணாம் மாமா. நானே எடுக்கறேன். இப்பவே எடுக்கறேன்."

டீச்சர் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளே குழாய்த் தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் கேட்டது. பவுல்துரை நாற்காலியை ஒதுக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளைத் துணியை மறுபடி கட்டி, இரண்டு விளக்கையும் நிறுத்தினார் சார்லி. ஹெப்சி பிஸ்கட் தூளைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ஸ்டூலில் ஏறினாள்.

மறுபடி அதே கதைதான். சொன்னார், கெஞ்சினார், சாக்லெட் தருவதாகச் சொன்னார். தாத்தா சிரிக்கிறாரா பார், அவரை மாதிரி இரு என்றார். அவள் தாத்தாவைப் பார்த்து அதற்கும் சிரித்தாள். வியர்வை வழிந்து சார்லியின் கண்ணில் இறங்கியது. சமையலறையில் குழாய் இன்னும் திறந்தே இருந்தது. குடம் நிரம்பித் தண்ணீர் வழிகிற சத்தம் வந்தது. நிறுத்த ஆள் இல்லை.

"சிரிக்காதன்னு சொல்றேன்ல! மூடு வாய!"

வீடே அதிர்கிற மாதிரி கத்திவிட்டார். அந்தப் பக்கத்தில் குப்புராஜின் தறி நின்றது.

ஹெப்சி அப்படியே உறைந்தாள். வாய் மூடியிருந்தது. கண்கள் நேராக, பெரிதாக, அவரையே பார்த்தன. இரண்டு காதும் தெரிந்தது. தோள் அசையவில்லை. அவர் விரல் தானாக அழுத்தியது. விளக்கு மின்னியது.

அதுதான் அந்தப் படம். பாஸ்போர்ட்டுக்கு என்ன கேட்பார்களோ எல்லாம் அதில் இருந்தது. நிழல் இல்லை, பல் இல்லை.

குழந்தை அழுதிருந்தால் தூக்கிக்கொண்டிருப்பார். அழவில்லை. ஸ்டூலைவிட்டு இறங்கவும் இல்லை. சார்லி கேமராவைக் கீழே வைத்துவிட்டு, அவசரமாக மூடியை எடுத்துத் தலையில் வைத்துத் தும்மினார். மூடி உருண்டு கட்டிலுக்கடியில் போனது. ஹெப்சி அதைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சிரிக்கலாமா பெரிப்பா?" என்று கேட்டாள்.

பவுல்துரை எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

பாஸ்போர்ட் செப்டம்பர் கடைசியில் தபாலில் வந்தது. டீச்சர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பீரோவில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தார். மற்ற வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. சென்னைக்கு இரண்டு முறை போய் வந்தார்கள். ஹெப்சிக்கு அது பஸ் பயணம், ஐஸ்கிரீம், பெரிய கட்டிடம். அந்த மாதமும் அடுத்த மாதமும் ரீனாவுக்கு வழக்கமான படம் போகவில்லை. சார்லி விளக்கை எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரி தொடக்கத்தில் ரீனா வந்தாள். மூன்று வார லீவு. ஹெப்சி அவளைப் பார்த்துப் பயப்படவில்லை. "போன் அம்மா" என்று சொல்லித் தொட்டுப் பார்த்தாள். அவள் கொண்டுவந்த பொம்மைகளை வாங்கிக்கொண்டாள். பகலில் அவளிடம் விளையாடினாள். சாப்பாடு, குளியல், தூக்கம் என்று வந்தால் பெரிம்மாதான். ரீனா ஊட்ட வந்தால் வாயை இறுக மூடிக்கொள்வாள். ரீனா கிண்ணத்தோடு கூடத்துக்கும் வாசலுக்கும் அலைவதை நானே பார்த்தேன்.

ஒரு வாரம் அப்படிப் போனது. ஒரு நாள் காலையில் டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு பையில் இரண்டு புடவையை எடுத்து வைத்துக்கொண்டார்.

"எங்க கெளம்பற?" என்று கேட்டார் சார்லி.

"அப்பா வீட்டுக்கு. ஒரு நாலஞ்சு நாள் இருந்துட்டு வரேன்."

"இப்பவா? இன்னும் ரெண்டு வாரம்கூட இல்ல ஜாக்கு."

"அதுக்குத்தாங்க. நான் இங்க இருக்கிற வரைக்கும் அது அவகிட்ட சாப்பிடாது. அங்க போயி அழறத இங்கயே அழட்டும். இங்கன்னா நீங்களாவது இருப்பீங்க."

ஹெப்சி தூங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் கிட்டே போய்ப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பஸ் நிலையம்வரை கொண்டுவிடுகிறேன் என்ற சார்லியிடம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

அந்த நாலு நாளை எங்கள் தெரு மறக்காது. முதல் நாள் முழுக்க ஹெப்சி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருகிற ஒவ்வொரு ஆட்டோவையும் எட்டிப் பார்த்தாள். இருட்டியதும் அழ ஆரம்பித்தாள். ரீனா தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அவளும் அழுதுகொண்டுதான் நடந்தாள். குழந்தை அவள் தோளிலிருந்து சார்லியைப் பார்த்துக் கையை நீட்டியது. சார்லி இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றுவிட்டார். வாங்கிக்கொண்டால் டீச்சர் போனதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். வாங்காமல் நிற்கவும் முடியவில்லை. குப்புராஜ் வந்து அவர் கையைப் பிடித்து, "வா சார்லி, நம்ம வூட்ல வந்து கொஞ்ச நேரம் குந்து. இன்னா பண்ண முடியும் சொல்லு" என்று கூட்டிப்போனார். அங்கே உட்கார்ந்தும் அந்த அழுகை கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஹெப்சி ரீனா கையால் இரண்டு வாய் இட்லி சாப்பிட்டாள். ரீனா உடனே போனை எடுத்து அக்காவுக்குச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து டீச்சர், "நல்லது, தண்ணி குடிக்க வை" என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் திரும்பி வந்தபோது ஹெப்சி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அன்று இரவு ரீனா பக்கத்தில்தான் தூங்கினாள். டீச்சர் நினைத்தது நடந்துவிட்டது. அதற்காக அவர் சந்தோஷப்பட்டாரா என்று யாரும் கேட்கவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ரீனாதான் கேட்டாள். "மாமா, கடைசியா ஒரு போட்டோ எடுங்க. நீங்க, அக்கா, நடுவுல ஹெப்சி. உங்க வீட்டுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. வெளக்கு போட்டு நல்லா எடுங்க."

சார்லிக்கும் அந்த ஆசை இருந்தது. இத்தனை வருஷத்தில் எடுத்ததெல்லாம் ரீனாவுக்கு அனுப்பத்தான். தங்களுக்கென்று குழந்தையோடு ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. டீச்சர் ரோஸ் நிறத்தில் ஒரு பட்டுப் புடவை கட்டினார். குப்புராஜ் தறியிலிருந்து அறுத்திறக்கிய ஒரு புதுப் புடவையைத் திரைக்குக் கொடுத்தார். ஹெப்சி மாடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஸ்டாண்டை நிறுத்தி, சாஃப்ட் பாக்ஸை மாட்டி, ஒருமுறை மின்ன வைத்துச் சரிபார்த்தார். பிறகு ரீனா குழந்தையைக் கூட்டிவந்தாள்.

கூடத்து வாசலிலேயே ஹெப்சி நின்றுவிட்டாள். விளக்கைப் பார்த்தாள். ரீனாவின் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள்.

"வாடா செல்லம், போட்டோ எடுக்கலாம்."

"வேணாம். பெரிப்பா திட்டும்."

ரீனா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் மாமா? என்ன ஆச்சு?"

டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தவர், கையை எடுக்காமல் அப்படியே நின்றார். சார்லிதான் சொன்னார்.

"பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும்போது கத்திட்டேம்மா. சிரிப்ப நிறுத்தல. எனக்கு வேற வழி தெரியல."

ரீனா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "எனக்காகத்தான மாமா" என்றாள்.

அவர் விடவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து கூப்பிட்டார். ஸ்டூலைத் தூர வைத்துவிட்டு, "ஒக்கார வேணாம் கண்ணு, சும்மா நில்லு" என்றார். மூடியைத் தலையில் வைத்துத் தும்மிக் காட்டினார். ஹெப்சி அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒருமுறை திரும்பிப் பார்த்து, வாயை இறுக மூடி, கண்ணை நேராக வைத்தாள். அப்படி வைத்தால்தான் பெரிப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிட்டாள் போல. டீச்சர் அதைப் பார்த்ததும், "போதுங்க. வெளக்க அணைங்க" என்றார்.

"நான் போன்ல எடுக்கறேன் மாமா" என்றாள் ரீனா.

"வேணாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டாண்டை மடக்க ஆரம்பித்தார்.

கிளம்புகிற அன்று சாப்பாடு முடிந்ததும் வாடகைக் கார் வந்தது. விமானம் சென்னையிலிருந்து. நடு மத்தியானத்தில் குழந்தைக்குக் குளிருக்கான கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினார்கள். பவுல்துரை முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். வழியனுப்பப் போக டீச்சருக்குத் தைரியம் இல்லை. டீச்சரைத் தனியே விட்டுப் போகச் சார்லிக்கு மனசில்லை. ஹெப்சிக்குக் கார் என்றால் ஏகக் குஷி. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "பெரிம்மா, ஏறு" என்று இருக்கையைத் தட்டினாள்.

"நீங்க முன்னாடி போங்க தங்கம். நானும் பெரிப்பாவும் பின்னாடி வேற வண்டில வரோம்."

டீச்சர் அப்படிச் சொன்னபோது சார்லி திரும்பிப் பார்த்தார். கார் தெருமுனை திரும்பும்வரை ஹெப்சி கையாட்டிக்கொண்டே போனாள்.

போய்ச் சேர்ந்த முதல் வாரம் போனில் அவள் கேட்டதெல்லாம் அந்த வண்டியைப் பற்றித்தான். "இன்னும் வரலியா? எங்க வந்துகினு இருக்கீங்க?" டீச்சர் ஒரு நாள் டயர் பஞ்சர் என்றார். ஒரு நாள் மழை என்றார். ரீனா போனை வாங்கி, "அக்கா, அப்படிச் சொல்லாதக்கா, ஜன்னல்லயே நின்னுக்கினு இருக்கா" என்றாள். அதற்குப் பிறகு டீச்சர் போனுக்கு முன்னால் உட்காருவதைக் குறைத்துக்கொண்டார். பள்ளிக்கூட வேலை இருக்கிறது என்பார். பிப்ரவரி முடிவதற்குள் ஹெப்சி கேட்பதை விட்டுவிட்டாள்.

சார்லி கொஞ்ச நாள் வீட்டுக்குப் போய்ப் படம் எடுக்கிற வேலையை ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். பிறகு படவேட்டுப் பக்கம் ராமதாஸ், கன்னியம்மா என்ற தம்பதி, தங்கள் பையனின் முதல் பிறந்தநாளுக்கு அவர்தான் வேண்டும் என்று நேரிலேயே வந்து கேட்டார்கள். பஸ் கிடைக்காமல் பாதி தூரம் யாரோ ஒருவரின் வண்டியில் ஏறி வந்திருந்தார்கள். முடியாது என்று சொல்ல முடியவில்லை. போனார், விளக்கு வைத்தார், எடுத்தார். பையன் நன்றாகவே சிரித்தானாம். எப்படி இருந்தது என்று கேட்டேன். "கை செய்யுது சார், வேலைதான" என்றார்.

ஹெப்சி இப்போது அங்கே ஒரு பள்ளிக்குப் போகிறாள். போனில் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுகிறாள். பெரிப்பா என்று நன்றாகத்தான் கூப்பிடுகிறாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "பை" என்று ஓடிவிடுகிறாள். போன மாதம் ரீனா ஒரு சேதி அனுப்பியிருந்தாள். லீவு கிடைத்தால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் வருவதாக. சார்லி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

டீச்சர் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வரட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, "என்ன சாப்புடும்னு ரீனாகிட்ட கேட்டு வைங்க. எனக்கு இப்பத் தெரியாது" என்றார்.

சார்லி சரி என்றார். ஆனால் ரீனாவைக் கூப்பிடாமல், கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். ஹெப்சிக்கு என்ன பிடிக்கும் என்று இன்னொருவரைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை போல.